கொடியில் கிடந்த சட்டை

மாடியில் பன்னிரண்டு தட்டச்சு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. கீழே உரக்கடை. உரத்தின் நெடியும் இயந்திர எண்ணெயின் நெடியும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்து அது. சாயங்காலம் நாலரை மணி. பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தேன், கையில் சுண்ணக்கட்டித் தூள்கூடப் போகவில்லை.

பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுத்தவர் ஸ்டெல்லா. வடமதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். என் கதையைத் தட்டச்சு செய்து, நுனி மடங்காமல் அட்டையில் செருகிக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினேன். நாலாவது பக்கத்தில் நான் எழுதாத ஒரு பத்தி இருந்தது.

அந்தப் பத்தியைப் பற்றித்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுத வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

அருவி எங்கே?

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். 'எழுத்து விளங்கவில்லை' என்று ஒரு வாரப்பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் தட்டச்சுக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

அன்றைய கதையின் நாயகி செல்லம்மாள். எரியோட்டுப் பெண். கணவன் லாரி டிரைவர். விடிகாலையில் பாரம் ஏற்றிப் போனவன் மத்தியானம் பிணமாக வருகிறான். மறுநாள் எல்லாம் முடிந்து, ஊர் கலைந்த பிறகு அவள் தனியாக நிற்கிறாள். அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது இது: 'செல்லம்மாளின் இதயம் சுக்குநூறாகியது. கண்ணீர் அருவியாய்ப் பெருகியது.'

தட்டச்சில் இருந்தது இது:

'கொடியில் அவன் சட்டை கிடந்தது. நேற்றுக் காலையில் துவைத்துப் போட்டது. காய்ந்துவிட்டது. எடுக்கப் போனவள் கையை இறக்கிக்கொண்டாள். மழை வந்தால் நனைந்துவிடும். மழை வரக் கூடாது என்று செல்லம்மாள் நினைத்தாள். ஊரே மழைக்கு ஏங்கிக் கிடந்த வருஷம் அது.'

எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஏம்மா ஸ்டெல்லா, இங்கே அருவின்னு ஒண்ணு எழுதியிருந்தேனே?"

"ஆமா சார், இருந்துச்சு."

"இப்போ எங்கே?"

"எடுத்துட்டேன் சார். எரியோட்டுல ஏது சார் அருவி? குடிக்கவே தண்ணியில்ல."

பக்கத்து இயந்திரத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரிப்பை அடக்கிக் குனிந்துகொண்டாள். திரும்ப அடித்துக் கொடு என்று சொல்லியிருப்பேன். தபால் கட்டுகிற நேரம் ஆகிவிட்டிருந்தது. அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

குணநலன்களை விவரி

போன வாரம் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் பாத்திரப் படைப்பை மிக நன்றாக நடத்துவீர்கள்' என்று கடிதம் போட்டிருக்கிறார். என் பழைய மாணவர். அவர் அன்புக்கு நன்றி. ஆனால் நான் நடத்தியது என்ன தெரியுமா? கரும்பலகையில் பாத்திரத்தின் பெயரை எழுதி, கீழே வரிசையாக அன்பு, வீரம், கொடை, பொறுமை என்று எழுதிப்போடுவேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். முப்பது வருஷம் இதையே செய்தேன். என் கதைகளிலும் அதையேதான் செய்தேன்.

செல்லம்மாளை உண்டாக்கியவன் நான். ஊர், பெயர், புருஷன் எல்லாம் கொடுத்தேன். அவள் மனசுக்குள் மட்டும் ஒருநாளும் போனதில்லை. வாசலில் நின்று, 'உள்ளே துக்கம் இருக்கிறது' என்று அறிவித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். உள்ளே போனவர் ஸ்டெல்லா.

கதை வெளிவந்தது. அடுத்த இரண்டு வாரமும் கடிதங்கள். எல்லாமே அந்தச் சட்டையைப் பற்றி. காரைக்குடியிலிருந்து ஒரு அம்மாள், தன் வீட்டுக் கொடியைப் பார்க்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

முதலில் சந்தேகப்பட்டவள் என் மனைவிதான். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "இது நீங்க எழுதுனதா? முப்பது வருசமா உங்க சட்டை கொடியிலதான் காயுது. ஒருநாளாவது எடுத்துருக்கீங்களா?"

நான் பேப்பரை எடுத்து விரித்தேன்.

இடம் விட்டு எழுதுதல்

அடுத்த கதையில் ஒரு பொறாமைக்காரர் வந்தார். கதிரேசன் என்று பெயர். 'கதிரேசன் மிகுந்த பொறாமைக் குணம் உடையவர்' என்று எழுதிவிட்டு, கீழே மூன்று வரி இடம் விட்டேன். ஏன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. திரும்பி வந்த தாளில் நான் எழுதிய வாக்கியம் இல்லை. இது இருந்தது:

'பந்தியில் உட்கார்ந்தால் கதிரேசன் தன் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து இலையைப் பார்ப்பார். அங்கே அப்பளம் முழுசாக இருந்தது. தன் இலைக்கு வந்தது உடைந்திருந்தது. தனக்கு என்று எடுத்து உடைத்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்.'

என் பள்ளிக்கூடத்திலேயே மூன்று ஆசிரியர்கள், தங்களைத்தான் எழுதிவிட்டேன் என்று என்னோடு பேச்சை நிறுத்தினார்கள்.

இன்னொரு கதையில் சிறுமலைக்காரர் ஒருவர். வாழைத்தார் சுமந்தே வயதானவர். வைத்தியத்துக்காக முதல்முறையாகக் கீழே தங்க வருகிறார். அவருக்கு ஊர் பிடிக்கவில்லை என்பதை நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஸ்டெல்லா அதை ஒரே வரியாக்கினார்: 'இந்த ஊரில் ரோடெல்லாம் நோயாளி மாதிரி படுத்தே கிடக்கிறது என்று நினைத்தார்.' ஏறி இறங்கியே பழகின காலுக்குச் சமவெளி எப்படித் தோன்றும் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு வெளியே வந்தால், நான் தினமும் நடக்கிற ரோடு எனக்கே வேறாகத் தெரிந்தது.

பிரமிப்பு என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அது பயமாக வந்தது. நாலாவது பக்கத்தில் என்ன இருக்கிறதோ என்று உடனே பார்க்கப் பயந்து, படியிறங்கி, டீக்கடையில் உட்கார்ந்துதான் பிரிப்பேன்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். இதெல்லாம் எப்படி அம்மா உனக்கு வருகிறது?

அவர் வெட்கப்பட்டார். வடமதுரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டே வருகிறபோது எதிரில் இருப்பவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பாராம். அவர் எதை நினைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறார் என்று தனக்குள் சொல்லிப் பார்ப்பாராம். அப்புறம் சொன்னார்:

"அழுகுறவ, நான் அழுகுறேன்னு நெனைக்க மாட்டா சார். வேற என்னத்தையாச்சும் நெனைச்சுக்கிட்டிருப்பா. அந்த வேற என்னன்னு தெரிஞ்சாப் போதும். அம்புட்டுதான்."

இத்தனைக்கும் மாணவிகளிடம் அவர் கண்டிப்பானவர். தட்டச்சுத் தேர்வில் கொடுத்த தாளில் இல்லாத ஒரு கால்புள்ளி விழுந்தாலும் மதிப்பெண் போய்விடும். உள்ளதை உள்ளபடி அடி, உன் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வா என்று அதட்டுவார். எனக்காக மட்டும் அந்த விதியை மீறினார். நான் அதற்கு என்ன கொடுத்தேன் என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

மேடையில் ஒரு கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் செல்லம்மாள் கதைக்கு ஒரு பரிசு கிடைத்தது. நகரத்து இலக்கிய வட்டம் ஒன்று கொடுத்தது. ஒரு திருமண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் விழா. ஸ்டெல்லாவை அழைத்திருந்தேன். தன் அம்மா லூர்தம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைப் புடவையில் இருந்தார்.

பேராசிரியர் ஒருவர் அந்தப் பத்தியை மைக்கில் வாசித்தார். மண்டபம் அடங்கிப்போனது. வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, இந்தச் சட்டை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, சபைக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

எழுந்து போனேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும். ஒரு பெயரைச் சொன்னால் போதும். நான் சொன்னது இது:

"என் தகப்பனார் மறைந்த அன்று எங்கள் வீட்டுக் கொடியில் கிடந்தது. என் தாயார் அதை எடுக்கவில்லை."

என் தகப்பனார் மறைந்த அன்று நான் சென்னையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொடியில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியாது. தாயாரிடம் நான் கேட்டதும் இல்லை.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

விழா முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது லூர்தம்மாள் என்னிடம் வந்தார். பின்னால் ஸ்டெல்லா. அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

"வாத்தியாரய்யா, உங்க வீட்லயும் அப்படித்தானா?" என்றார். "எங்க வீட்ல இதுக அப்பா போனப்பயும் அப்படித்தான் கெடந்துச்சு. கொத்தனாரு. காலர்ல சிமிட்டி போகவே போகாது. மூணு நாளு நான் எடுக்கல. மழை வந்துருமோன்னு வானத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசுனாக. உங்க அம்மாவும் எடுக்கலன்னு சொன்னீகள்ல, அதக் கேட்டதும் செத்த ஆறுதலா இருந்துச்சு அய்யா. நான் மட்டும் இல்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டார். காரைச்சட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. கொத்தனாருக்குச் சித்தாளாக நின்றவர் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தச் சட்டை யாருடையது என்பதும்.

அந்தக் கணத்திலாவது சொல்லியிருக்கலாம். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, பஸ்ஸு போயிரும்" என்று மட்டும் சொல்லி அழைத்துக்கொண்டு போனார்.

ஒரு பிழையும் இல்லை

அடுத்த கதையை வழக்கம்போல இடம் விட்டு எழுதிக் கொடுத்தேன். சொன்ன நாளில் தயாராக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து பிரித்தேன்.

எல்லாம் நான் எழுதியபடி இருந்தது. என் 'சுக்குநூறு' இருந்தது. என் 'பேரானந்தம்' இருந்தது. நான் மூன்று வரி இடம் விட்ட இடத்தில் மூன்று வரி இடம் இருந்தது. பதினாலு பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அதற்கடுத்த இரண்டு கதைகளும் அப்படித்தான். மூன்றையும் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. நான் காரணம் கேட்கவில்லை. ஸ்டெல்லா எப்போதும்போல எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார், கூலியை வாங்கிக்கொண்டார், "போயிட்டு வாங்க சார்" என்றார். அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. ஓய்வு பெற்றுவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். பள்ளியிலிருந்தும் அப்போதுதான் ஓய்வு பெற்றேன், அதனால் நம்பினார்கள்.

வேறொரு வரி

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களில், என் கதைகளைத் தொகுத்துப் போடுவதாக ஒரு பதிப்பாளர் வந்தார். இதைச் சாக்காக வைத்து வடமதுரைக்குப் போனேன்.

பயிலகத்தை மூடியிருந்தார்கள். ஸ்டெல்லா ஊரிலேயே மெயின் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, ஜெராக்ஸ். மேசை மேல் மாதா படம். என்னைப் பார்த்ததும் பழையபடி எழுந்து நின்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். சட்டைப் பத்தி உன்னுடையது என்று புத்தகத்தில் போடுகிறேன் அம்மா என்றேன்.

"வேணாம் சார். அந்தப் பத்திய எடுத்துருங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். உள்ளே அம்மா இருந்தார்.

"அம்மா உங்களையும் தன்னைய மாதிரி ஒருத்தர்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு. இப்பவும் யாராச்சும் வீட்ல எழவுன்னா போய் உக்காந்து, வாத்தியார் வீட்லயும் இப்படித்தான்னு உங்க கதையத்தான் சொல்லும். என் பேரு போட்டீங்கன்னா நீங்க சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிரும். உங்க பேர்ல அது புத்தகத்துல நிலைச்சுப் போறதையும் என்னால பாக்க முடியாது. எடுத்துருங்க."

எடுத்தால் அந்தக் கதையில் என்ன மிஞ்சும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல் அதைக் கேட்டும்விட்டேன்.

ஸ்டெல்லா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். திருச்சிப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "செல்லம்மாளை அப்படியே விட முடியாதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒருவர் காதுகுத்துப் பத்திரிகைக்காகக் காத்திருந்தார். அவரைச் செத்த நேரம் பொறுக்கச் சொன்னார். அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். அச்செடுத்துக் கொடுத்தார்.

'தெருக்கோடியில் லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. காலி வண்டி என்று செல்லம்மாள் நினைத்தாள். பாரம் ஏற்றிய வண்டிக்குச் சத்தம் வேறு. அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று போனது. இது பாரம். இனி காலமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.'

நின்றபடியே படித்தேன். உட்கார நாற்காலி தேடினேன்.

அதுவரை என் மனசின் மூலையில் ஒரு அற்ப சமாதானம் இருந்தது. ஸ்டெல்லா தன் வீட்டில் பார்த்ததைத்தானே அடித்தார், அதில் என்ன கற்பனை என்று. அது அன்றோடு போயிற்று. சட்டை யார் வீட்டுக் கொடியிலும் கிடக்கும். இந்தச் சத்தம் லாரிக்காரன் மனைவிக்கு மட்டும்தான் கேட்கும். அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை. நான் பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போனவள். கால் மணி நேரத்தில், காதுகுத்துப் பத்திரிகைக்கு நடுவே, அவள் காதுக்குள் போய்விட்டு வந்திருந்தார் ஸ்டெல்லா.

"அது எங்க அம்மாவோடது சார். இது செல்லம்மாளோடது" என்றார். "இதுக்கு என் பேரைப் போட்டுக்கங்க."

போடுகிறேன் என்றேன்.

புத்தகத்தில் சட்டைக்குப் பதில் லாரி இருந்தது. முன்னுரையில் கடைசிக்கு முந்தைய வரி இது: 'தட்டச்சு செய்து உதவிய செல்வி ஸ்டெல்லாவுக்கு நன்றி.'

அச்சுக்குப் போகிற நாள் வரை வேறு மாதிரி எழுதி வைத்திருந்தேன். கடைசியில் மாற்றினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புத்தகத்தை அவருக்குத் தபாலில் அனுப்பினேன், நேரில் போகவில்லை.

லூர்தம்மாள் போன பிறகு

சென்ற மாதம் லூர்தம்மாள் காலமானார். செய்தி தெரிந்து, பத்து நாள் கழித்து வடமதுரைக்குப் போனேன். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் இந்தத் தொடர் எழுதுவதைச் சொன்னேன். நடந்ததை எழுத அனுமதி வேண்டும் என்றேன். சட்டையையும், லாரியையும், முன்னுரையையும்.

"அம்மா இருந்தவரைக்கும் அது உங்களை நம்புச்சு. இனி எழுதுங்க" என்றார். பிறகு கேட்டார்: "என்னைப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்கங்க. வருத்தப்பட்டேன்னு மட்டும் எழுதாதீங்க சார். அன்னைக்கு மேடையில அதைச் சொன்னப்ப நீங்க என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

பத்து வருஷத்தில் ஒருநாளும் என்னை நான் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். தகப்பனாரை நினைத்தேனா? இல்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தேனா? அதுவும் இல்லை. நினைவு வர நேரம் எடுத்தது. வந்ததும் சொல்லக் கூசியது. சொன்னேன்.

"முதல் வரிசையில் ஒருத்தர் கைதட்டத் தயாராக ரெண்டு கையையும் விரிச்சு வச்சிருந்தார். அந்தக் கைக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடணும்னு நெனைச்சேன். வேறு ஒண்ணும் நெனைக்கலை."

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இது உங்களோடது சார்" என்றார்.

எழுந்து, கடையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார். நான் குடித்து முடித்த தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.